பழைய லேப்டாப்பில் ஓடும் செஸ் என்ஜினோடு போட்டிக்குப் போகலாமா?

கேள்வி கேட்டிருப்பவர் அம்பாசமுத்திரத்திலிருந்து தினமும் ரயிலில் வந்து திருநெல்வேலியில் படிக்கும் மூன்றாம் ஆண்டுப் பொறியியல் மாணவர். சி ப்ளஸ் ப்ளஸ் மொழியில் தாமே ஒரு செஸ் என்ஜின், அதாவது செஸ் ஆடும் நிரல், எழுதியிருக்கிறார். அண்ணன் கொடுத்த, நான்கு கோரும் 4 ஜிபி ரேமும் உள்ள பழைய லேப்டாப்பில் அது ஓடுகிறது. இணையவழியில் நடக்கும் என்ஜின் போட்டிகளில் சேர ஆசைப்படுகிறார். ஆனால் அங்கே 32 கோர், 64 கோர் இயந்திரங்களோடு வருகிறவர்களைப் பார்த்ததும் தயக்கம் வந்துவிட்டது. இப்போதே சேரலாமா, அல்லது கடன் வாங்கியாவது நல்ல இயந்திரம் ஒன்றை வாங்கிவிட்டுச் சேர வேண்டுமா என்பது அவர் கேட்டிருப்பது. அதற்குள் இன்னொரு கேள்வி இருப்பதாக நான் நினைக்கிறேன். என்ஜின் தோற்றால் அந்தத் தோல்வி நிரலின் குறையால் வந்ததா, இயந்திரத்தின் குறையால் வந்ததா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதே அது. அதற்கு விடை கிடைத்துவிட்டால் பணத்தைப் பற்றிய முடிவும் தானாக வந்துவிடும்.

நான் பாளையங்கோட்டையில் கணினி அறிவியல் கற்பித்து வருகிறவன். மாணவர்கள் எழுதும் என்ஜின்களை ஒன்றோடொன்று மோதவிட்டுப் பார்ப்பதும், அவை தோற்ற ஆட்டங்களைப் பிரித்து ஆராய்வதும் என் பல ஆண்டுப் பழக்கம். அந்த அனுபவத்திலிருந்து முதலில் ஒன்றை உறுதியாகச் சொல்லிவிடுகிறேன். உங்கள் என்ஜின் இருக்கும் நிலையில் தோல்விகளில் மிகப் பெரும்பாலானவை நிரலிலிருந்து வருபவை. அந்தக் குறைகளைக் கண்டுபிடிக்க நீங்கள் வைத்திருக்கும் லேப்டாப்பே போதும். இயந்திரத்தின் வேகம் முக்கியமே இல்லை என்று நான் சொல்லவில்லை. அது எப்போது முக்கியமாகிறது, எவ்வளவு முக்கியமாகிறது என்பதைத்தான் கீழே சொல்ல முயல்கிறேன்.

வேகம் என்ற சொல்லுக்கு ஓர் அளவை வைத்துக்கொள்வோம். அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் ஜோ காண்டனும் உருவாக்கிய பெல் என்ற செஸ் இயந்திரம் 1980-இல் உலகக் கணினி செஸ் சாம்பியன் ஆனது. செஸ்ஸுக்கென்றே தனியாக வடிவமைத்த மின்சுற்றுகளைக் கொண்டிருந்த அது, வினாடிக்கு ஏறத்தாழ 1,60,000 நிலைகளை ஆராய்ந்தது. 1983-இல் அமெரிக்காவில் மாஸ்டர் தரத்தையும் எட்டியது. ஒழுங்காக எழுதப்பட்ட ஒரு சாதாரண என்ஜின், உங்களுடையதைப் போன்ற லேப்டாப்பின் ஒரே ஒரு கோரில் வினாடிக்குப் பத்து லட்சம் நிலைகளைத் தொடும். அதாவது, மேசைமேல் இருக்கும் பழைய லேப்டாப், ஒரு காலத்து உலக சாம்பியனைவிடப் பல மடங்கு வேகமானது. அப்படியிருந்தும் உங்கள் என்ஜின் மாஸ்டர் தரத்துக்குக் கீழே ஆடுகிறது என்றால், குறை எங்கே இருக்கிறது என்பதை அந்த ஓர் ஒப்பீடே காட்டிவிடுகிறது.

எளிய இயந்திரங்கள் பெரிய இயந்திரங்களை வென்ற வரலாறும் உண்டு. 1978-இல் அமெரிக்காவின் மேற்குக் கரையில் மைக்ரோ கணினிகளுக்கென நடந்த செஸ் போட்டியில் வென்றது சார்கான். டான் ஸ்ப்ராக்லனும் கேத் ஸ்ப்ராக்லனும் கணவன் மனைவியாகச் சேர்ந்து இசட்80 சிப்புக்காக எழுதிய நிரல் அது. 1992-இல் மாட்ரிட்டில் நடந்த உலகக் கணினி செஸ் சாம்பியன் போட்டியில் நெதர்லாந்தைச் சேர்ந்த எட் ஷ்ரோடரின் நிரல் பட்டம் வென்றது. சாதாரண கணினிக்குள் செருகும் ஓர் அட்டையில், ஆர்ம் வகைச் சிப்பில் ஓடிய நிரல் அது. பெரிய கணினிகளும் கலந்துகொண்ட அந்தப் பட்டத்தை மைக்ரோ கணினி ஒன்று கைப்பற்றியது அதுவே முதல் முறை. இவற்றைவிட நான் வகுப்பில் அடிக்கடி எடுத்துச் சொல்வது 1995-இல் ஹாங்காங்கில் நடந்த போட்டியை. அங்கே 90 மெகாஹெர்ட்ஸ் பென்டியம் கணினியில் ஓடிய ஃப்ரிட்ஸ், ஐபிஎம் நிறுவனத்தின் டீப் ப்ளூ முன்வடிவத்தை வென்றது. பிறகு 1,824 கணுக்கள் கொண்ட இன்டெல் பாரகான் சூப்பர் கணினியில் ஓடிய ஸ்டார் சாக்ரடீஸுடன் முதலிடத்தில் சமநிலைக்கு வந்து, தீர்வு ஆட்டத்தில் அதையும் தோற்கடித்துப் பட்டம் பெற்றது.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் அது நேர்மையாகாது. இரண்டே ஆண்டுகளில், 1997-இல், அதே டீப் ப்ளூ 480 சிறப்புச் சிப்புகளோடு வினாடிக்கு 20 கோடி நிலைகளை ஆராயும் வேகத்துக்கு வளர்ந்து காஸ்பரோவை மூன்றரைக்கு இரண்டரை என்று வென்றது. நல்ல நிரலுக்குப் பின்னால் பெரும் வேகம் வந்து சேர்ந்தால் அதன் பலன் கண்ணுக்குத் தெரியும். மேலும், ஒரு போட்டி என்பது சில சுற்றுகள்தான். ஏழெட்டு ஆட்டங்களில் சிறிய இயந்திரம் ஒன்று பெரியதை முந்துவதற்கு அதிர்ஷ்டத்துக்கும் பங்கு உண்டு. ஹாங்காங் முடிவை வைத்துக்கொண்டு ஃப்ரிட்ஸ்தான் அன்றைக்கு உலகிலேயே வலிமையான நிரல் என்று நான் வாதாட மாட்டேன். பென்டியத்தில் ஓடிய நிரலுக்கு அந்தக் களத்தில் நிற்கத் தகுதி இருந்தது என்பது மட்டும் ஐயமில்லாமல் நிலைநாட்டப்பட்டது.

அந்தத் தகுதி எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்காகவே காட்டலாம். செஸ்ஸில் ஒரு நிலையில் சராசரியாக 35 நகர்வுகள் இருப்பதாக வைத்துக்கொண்டால், இரு தரப்பும் சேர்ந்து நான்கு நகர்வு ஆழம் வரை ஒன்றுவிடாமல் பார்க்க 35-ஐ நான்கு முறை பெருக்க வேண்டும். கடைசி வரிசையில் மட்டும் 15,00,625 நிலைகள் வரும். விடையை மாற்ற முடியாத கிளைகளைப் பார்க்காமலே வெட்டிவிடும் ஆல்ஃபா-பீட்டா முறையில், ஒவ்வொரு நிலையிலும் சிறந்த நகர்வையே முதலில் எடுத்துப் பார்க்கும் பேறு வாய்த்தால், அதே விடையை 2,449 நிலைகளிலேயே பெற்றுவிடலாம். க்நூத்தும் மூரும் 1975-இல் ஆய்ந்து எழுதிய கணக்கு இது. வித்தியாசம் அறுநூறு மடங்கு. எட்டு கோர் உள்ள இயந்திரம் வாங்கினால் கிடைப்பது அதிகபட்சம் எட்டு மடங்கு. கோர்கள் ஒன்றுக்கொன்று செய்யும் வீண் வேலையைக் கழித்தால் அதுவும் குறையும். ஆழம் கூடக்கூட அந்த அறுநூறு பல்லாயிரமாக வளரும், கோர்களின் எண்ணிக்கை அப்படி வளராது. முழுமையான வரிசை யாருக்கும் வாய்ப்பதில்லை என்பது உண்மைதான். ஆனால் அதற்கு எவ்வளவு அருகில் போகிறோம் என்பது முழுக்க நிரல் எழுதுகிறவரின் கையில் இருக்கிறது.

ஆகவே நீங்கள் இன்றைக்கே அளந்து பார்க்க வேண்டியது ஒன்று உண்டு. தேடலில் பீட்டா வெட்டு, அதாவது ஒரு நகர்வு போதிய அளவு நன்றாக இருப்பதால் மீதி நகர்வுகளைப் பார்க்காமல் விடுவது, நிகழும் இடங்களை எண்ணுங்கள். அவற்றுள் எத்தனை இடங்களில் முதல் நகர்விலேயே வெட்டு நிகழ்ந்தது என்பதையும் எண்ணுங்கள். நல்ல என்ஜின்களில் இது நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டி இருக்கும். உங்களுடையதில் எழுபதுக்குக் கீழே இருந்தால் புது இயந்திரத்தைப் பற்றிய பேச்சையே சற்று ஒதுக்கிவைக்கலாம். ஏற்கெனவே ஆராய்ந்த நிலைகளின் விடைகளை வைத்திருக்கும் ஹாஷ் டேபிளில் சேமித்த நகர்வை முதலில் பார்ப்பது, வெட்டும் நகர்வுகளைப் பெரிய காயைச் சிறிய காயால் வெட்டுவது முதலில் வரும்படி அடுக்குவது, எந்தக் காயையும் வெட்டாத அமைதியான நகர்வுகளுக்கு, முன்பு பீட்டா வெட்டு தந்த நகர்வுகளை நினைவில் வைக்கும் கில்லர், ஹிஸ்டரி அட்டவணைகளை வைப்பது ஆகியவை அந்த விழுக்காட்டைத் தூக்கிவிடும். அதன்பிறகு நல் மூவ் (null move, நகராமல் விட்டுப் பார்ப்பது) வெட்டும், வரிசையில் பின்னால் வரும் நகர்வுகளை ஆழம் குறைத்துப் பார்ப்பதும் சேர்ந்தால், வெறும் ஆல்ஃபா-பீட்டா வைத்திருந்த என்ஜின் ஆட்ட வலிமையை அளக்கும் ஈலோ புள்ளிகளில் நூற்றுக்கணக்கில் ஏறுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். நல் மூவ் பற்றி ஓர் எச்சரிக்கை: ராஜாவும் சிப்பாய்களும் மட்டுமே மிஞ்சிய இறுதியாட்டத்தில் அதை நிறுத்திவையுங்கள். நகர்த்தியே ஆகவேண்டும் என்பதே தோல்வியாக முடியும் நிலைகள் அங்கேதான் அதிகம். நகராமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்கும் அந்த உத்தி அங்கே தவறான விடை தரும்.

வேகம் இரட்டிப்பானால் எவ்வளவு கிடைக்கும்? நடுத்தர என்ஜின்களில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் 50 முதல் 70 ஈலோ வரை என்பது இத்துறையில் பலரும் கையாளும் உத்தேசக் கணக்கு. உங்கள் ஒரு கோருக்கு எதிரே 64 கோர் என்றால் ஆறு இரட்டிப்பு. காகிதத்தில் 300 புள்ளிக்கு மேல் வரும். கோர்களுக்குள் ஏற்படும் இழப்பைக் கழித்தால் குறையும். இது சிறிய தொகை அல்ல. 200 புள்ளி முன்னால் இருப்பவர் நூறு ஆட்டத்தில் சுமார் 76 புள்ளிகள் எடுப்பார். கென் தாம்சன் பெல்லைக் கொண்டு செய்த சோதனைகளில் ஆழம் ஒரு நகர்வு கூடினால் ஏறத்தாழ 200 புள்ளி ஏறியது. ஆனால் ஆழம் அதிகமாக அதிகமாக ஒவ்வொரு கூடுதல் நகர்வும் தரும் பலன் குறைகிறது. உச்சத்தில் இருக்கும் என்ஜின்கள் தங்களுக்குள் பெரும்பாலும் டிரா செய்துகொள்வதால் அங்கே வேகத்தின் மதிப்பு இன்னும் சுருங்குகிறது. உங்கள் என்ஜினுக்குத் துல்லியமாக எவ்வளவு என்பதை இந்தப் பொதுக்கணக்கிலிருந்து எடுக்காதீர்கள். உங்கள் என்ஜினையே இரு பிரதிகளாக்கி, ஒன்றுக்கு இரண்டு மடங்கு நேரம் கொடுத்து மோதவிடுங்கள். கிடைக்கும் வித்தியாசம்தான் வேகத்துக்கு உங்கள் என்ஜின் தரும் விலை. புது இயந்திரம் வாங்குவதற்கு முன்பே, அதை வாங்கினால் என்ன கிடைக்கும் என்பதைக் காசு செலவில்லாமல் இப்படி அறிந்துகொள்ளலாம்.

இனி, தோல்விகளை உண்டாக்கும் பிழைகளைப் பற்றி. நகர்வு உருவாக்கத்தைப் பெர்ஃப்ட் எண்களை, அதாவது ஒரு நிலையிலிருந்து குறிப்பிட்ட ஆழம் வரை செல்லும் நகர்வு வரிசைகளின் எண்ணிக்கையைக் கொண்டு சரிபார்த்தீர்களா என்பதை நீங்கள் எழுதவில்லை. தொடக்க நிலையிலிருந்து ஒவ்வோர் ஆழத்திலும் வரும் எண்ணிக்கை 20, 400, 8,902, 1,97,281, 48,65,609 என்று இருக்க வேண்டும். பலர் இதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். ஆனால் தொடக்க நிலையின் அருகே அபூர்வமான விதிகள் அதிகம் வருவதில்லை. பின்வரும் நிலையைப் பலகையில் அடுக்கிப் பாருங்கள். வெள்ளை ராஜா ஏ5, வெள்ளை யானை பி4, வெள்ளைச் சிப்பாய்கள் பி5, ஈ2, ஜி2. கறுப்பு ராஜா எச்4, கறுப்பு யானை எச்5, கறுப்புச் சிப்பாய்கள் சி7, டி6, எஃப்4. கறுப்பு சி7 சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளி சி5-க்குக் கொண்டுவந்தால், பி5-இல் இருக்கும் வெள்ளைச் சிப்பாய் அதை ஆன் பாசான் முறையில், அதாவது அது ஒரு கட்டம் மட்டுமே வந்ததுபோல் கருதி, வெட்டலாம் என்று தோன்றும். வெட்டினால் என்ன ஆகிறது? பி5-இல் இருந்த சிப்பாய் சி6-க்குப் போய்விடும், சி5-இல் இருந்த சிப்பாய் பலகையை விட்டே போய்விடும். ஐந்தாம் வரிசையில் ஒரே நேரத்தில் இரண்டு காய்கள் மறைய, எச்5 யானைக்கும் ஏ5 ராஜாவுக்கும் நடுவே எதுவும் இராது. ஆகவே அந்த வெட்டு விதிப்படி செல்லாது. கட்டுண்ட காய்களை ஒவ்வொன்றாகச் சோதிக்கும் நிரல்கள் இரண்டு காய் சேர்ந்து மறையும் இந்த நிலையைத் தவறவிட்டு, அதைச் செல்லும் நகர்வாக எடுத்துக்கொள்கின்றன. வெள்ளை நகர வேண்டிய இந்த நிலையின் சரியான எண்கள் 14, 191, 2,812, 43,238, 6,74,624. உங்கள் எண்கள் இவற்றோடு ஒத்தால்தான் நகர்வு உருவாக்கம் சரி என்று நம்பலாம். போட்டியில் செல்லாத நகர்வு ஒன்று வந்தால் ஆட்டம் அங்கேயே பறிபோகும். 64 கோரும் அதைக் காப்பாற்றாது.

இன்னொரு பிழை சற்று நுட்பமானது. எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவியின் என்ஜின் ராஜாவும் ராணியும் வைத்துக்கொண்டு, எதிரே தனி ராஜா மட்டும் இருக்கும்போது ஆட்டத்தை முடிக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தது. திரையில் ஒவ்வொரு நகர்வுக்கும் நான்கில் மேட், நான்கில் மேட் என்று வரும். ராணி ஒரு கட்டம் போகும், திரும்பி வரும். கடைசியில் ஐம்பது நகர்வு விதிப்படி டிரா. காரணம் ஹாஷ் டேபிள். மேட் மதிப்பை அவர் தேடலின் வேரிலிருந்து, அதாவது தேடல் தொடங்கிய நிலையிலிருந்து, எத்தனையாவது நகர்வில் மேட் என்று கணக்கிட்டு, அதை அப்படியே சேமித்துவந்தார். அதே நிலை வேறொரு ஆழத்தில் மீண்டும் எதிர்ப்படும்போது பழைய தூரம் புதுத் தூரமாக எடுத்துக்கொள்ளப்படுகிறது. மேட் நெருங்கவே நெருங்காது. சேமிக்கும்போது அந்த நிலையிலிருந்து மேட்டுக்கு உள்ள தூரமாக மாற்றிச் சேமித்து, எடுக்கும்போது வேரிலிருந்து உள்ள தூரமாக மாற்றி எடுக்க வேண்டும். இரண்டே வரித் திருத்தம்தான். வென்ற ஆட்டங்களை டிராவாக விட்டுக்கொண்டிருந்த என்ஜின் அன்று மாலையே அவற்றை முடிக்கத் தொடங்கியது. அந்த மாணவியும் முதலில் தம் கணினி மெதுவானது என்றுதான் நினைத்திருந்தார்.

பிழைகள் ஒழிந்தபின் வருவது அளவிடும் வேலை. எளிய கணினி வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் கைவிட்டுவிடுவது இதைத்தான். ஒரு மாற்றம் செய்து, இருபது ஆட்டம் ஆடவிட்டு, பன்னிரண்டு புள்ளி வந்தது என்று மகிழ்வதில் பொருளில்லை. டிராக்களும் கலந்த ஆட்டங்களில், நூறு ஆட்டம் ஆடினால் வரும் ஈலோ மதிப்பீட்டில் இருபுறமும் ஐம்பது புள்ளிக்கு மேல் தடுமாற்றம் இருக்கும். ஆயிரம் ஆட்டமானால் அது பதினேழு பதினெட்டாகச் சுருங்கும். பத்தாயிரம் ஆட்டத்துக்கு ஐந்தைந்தரை. ஒரு நல்ல மாற்றம் பெரும்பாலும் ஐந்து பத்து புள்ளிதான் தரும் என்பதால், ஆயிரக்கணக்கான ஆட்டம் இல்லாமல் முன்னேற்றமும் பின்னடைவும் ஒன்றுபோலவே தெரியும். உங்கள் லேப்டாப்பில் இது முடியுமா என்றால், முடியும். ஓர் ஆட்டத்துக்கு ஆளுக்குப் பத்து வினாடி, நகர்வுக்கு 0.1 வினாடி கூடுதல் என்று வையுங்கள். அறுபது நகர்வு நீளும் ஆட்டம் அரை நிமிடத்தைச் சற்றே தாண்டி முடியும். எதிராளியின் நேரத்தில் சிந்திப்பதை அணைத்துவிட்டால் ஓர் ஆட்டத்துக்கு ஒரு கோர் போதும். நான்கு கோரில் மூன்று ஆட்டங்களை ஒரே நேரத்தில் ஓடவிட்டு ஒன்றை இயங்குதளத்துக்கு விட்டுவிடுங்கள். இரவு படுக்கப் போகும்முன் தொடங்கினால் விடிவதற்குள் இரண்டாயிரத்து ஐந்நூறு ஆட்டத்துக்குமேல் முடிந்திருக்கும். க்யூட்செஸ் போன்ற இலவச நிரல்கள் இதைத் தாமே நடத்திக்கொள்ளும். ஒவ்வொரு தொடக்க நிலையையும் வெள்ளை ஒருமுறை, கறுப்பு ஒருமுறை என்று இருபுறமும் ஆடவையுங்கள். ஆட்ட எண்ணிக்கையை முன்கூட்டியே நிர்ணயிக்காமல், முடிவு தெளிவானதும் நிறுத்திக்கொள்ளும் தொடர் விகிதச் சோதனை என்ற புள்ளியியல் முறையும் அவற்றில் இருக்கிறது; ஸ்டாக்ஃபிஷ் குழு 2013 முதல் தங்கள் சோதனைத் தளத்தில் கையாள்வது அதைத்தான்.

நம் ஊருக்கே உரிய ஒரு தொல்லையும் உண்டு. சித்திரை, வைகாசி வெயிலில் மூடிய அறையில் லேப்டாப்பை இரவும் பகலும் முழு வேகத்தில் ஓடவிட்டால், சிப் சூடேறித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மின்சாரம் போய் பேட்டரிக்கு மாறினாலும் இதுவே நடக்கும். நேற்று இரவு ஓடிய பழைய பதிப்பின் முடிவையும் இன்று மதியம் ஓடிய புதிய பதிப்பின் முடிவையும் ஒப்பிட்டால், நீங்கள் அளப்பது வெயிலையாக இருக்கும். இரு பதிப்புகளும் ஒரே ஆட்டத்தில் நேருக்கு நேர் மோதினால் சூடு இருவரையும் ஒரே அளவு பாதிக்கும். அல்லது நேரத்துக்குப் பதிலாக, நகர்வுக்கு இத்தனை ஆயிரம் நிலைகள் என்று வரம்பு வைத்துச் சோதிக்கலாம். வெப்பம் எதுவாயினும் முடிவு மாறாது. ஆனால் இந்த இரண்டாவது முறை, நிலை மதிப்பீட்டை மெதுவாக்கும் மாற்றங்களின் செலவை மறைத்துவிடும் என்பதை நினைவில் வையுங்கள். தேடல் முறையைச் சோதிக்க நிலை வரம்பு, மதிப்பீட்டுக் குறியீட்டைச் சோதிக்க நேர வரம்பு என்பது என் பழக்கம்.

எந்தப் போட்டிக்குப் போவது என்பதில், எல்லோரும் தத்தம் இயந்திரத்தைக் கொண்டுவரும் போட்டிகள் மட்டுமே இருப்பதாக நீங்கள் எண்ணியிருக்கிறீர்கள். அப்படியல்ல. இயந்திர வேறுபாடு நியாயமா என்ற வாதம் இத்துறையில் பழையது. உலகக் கணினி செஸ் சாம்பியன் போட்டியில் 2009-ஆம் ஆண்டு எட்டு கோர் என்ற உச்சவரம்பு வைத்துப் பார்த்தார்கள். 2010 முதல் எல்லா நிரல்களும் ஒரே வகை இயந்திரத்தில் ஓடும் தனிப் போட்டி ஒன்றையும் அதனுடன் நடத்தினார்கள். 2010-இல் மார்ட்டின் தோரேசன் தொடங்கிய டிசிஇசி போட்டியில் என்ஜின்கள் அமைப்பாளர்களின் இயந்திரத்தில்தான் ஓடுகின்றன. சிசிஆர்எல் என்ற தரப்பட்டியலில், தன்னார்வலர்கள் தங்கள் கணினிகளில் என்ஜின்களை ஆடவிட்டு, வேகத்தை ஒரே அளவுக்கு ஈடுசெய்து ரேட்டிங் தருகிறார்கள். நீங்கள், என்ஜினும் ஆட்டத்தை நடத்தும் நிரலும் பேசிக்கொள்ளும் யுசிஐ நெறிமுறைப்படி ஒழுங்காக இயங்கும் என்ஜினை வெளியிட்டால் போதும், உங்கள் லேப்டாப் இந்தக் கணக்கிலேயே வராது. கற்பதற்கென்றே டாம் கெரிகன் எழுதிய டிஎஸ்சிபி போன்ற மிக எளிய நிரல்கள் அங்கே 1,700-க்கு அருகிலும், ஸ்டாக்ஃபிஷ் 3,600-க்கு மேலும் நிற்கின்றன. இந்த இடைவெளி முழுவதும் ஒரே வேகத்தில் ஓடும் நிரல்களுக்கு இடையே உள்ள இடைவெளி என்பதைக் கவனியுங்கள். 2005-இல் ரெய்க்யாவிக்கில் நடந்த உலகப் போட்டியில் ஃபேபியன் லெட்டூசே தனியாளாக எழுதிய ஃப்ரூட் இரண்டாமிடம் பெற்றது. அது ஒரே ப்ராசஸரை மட்டுமே பயன்படுத்தத் தெரிந்த நிரல்; அதன் மூலநிரலின் தெளிவைப் பார்த்துப் படித்தவர்கள் உலகெங்கும் உண்டு.

ஃப்ரூட்டின் பெயர் வந்ததால் இதையும் சொல்லியாக வேண்டும். 2007 முதல் 2010 வரை உலகப் பட்டங்களை வென்ற ரைப்காவில் கிராஃப்டி, ஃப்ரூட் ஆகியவற்றின் நிரல்பகுதிகள் எடுத்தாளப்பட்டுள்ளன என்று முடிவுசெய்து, போட்டியை நடத்திய அமைப்பு 2011-இல் அந்தப் பட்டங்களைப் பறித்தது. திறந்த மூலநிரல்களைப் படிக்கலாம், படிக்கவும் வேண்டும். கருத்தை எடுத்துக்கொண்டு, மூடிவைத்துவிட்டு, சொந்தமாக எழுதுங்கள். இதில் இன்று தெளிவில்லாத பகுதி நரம்பு வலையமைப்பு. 2018-இல் ஜப்பானிய ஷோகி விளையாட்டுக்காக யூ நாசு உருவாக்கி, 2020-இல் ஸ்டாக்ஃபிஷ் 12 மூலம் செஸ்ஸில் பரவிய என்என்யூஇ என்ற முறை, கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத சாதாரண சிப்பிலேயே வேகமாக ஓடும்; எளிய கணினிக்காரர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் பிறருடைய வலையைச் செருகிக்கொண்ட என்ஜின் எந்த அளவுக்குச் சொந்தப் படைப்பு என்பதிலும், பிற என்ஜின்களின் மதிப்பீட்டைக் கொண்டு பயிற்றுவித்த வலை ஏற்கத்தக்கதா என்பதிலும் போட்டிக்குப் போட்டி விதி மாறுகிறது. சேரும் முன் அமைப்பாளரிடமே எழுதிக் கேட்டுவிடுங்கள். என் அனுபவம் பெரும்பாலும் கையால் எழுதிய மதிப்பீட்டில்தான். பெரிய வலைகளைப் பயிற்றுவிப்பதில் எனக்குப் பழக்கம் இல்லை என்பதால் அதைப் பற்றி இங்கே அறிவுரை சொல்வது முறையாகாது. ஆனால் காயின் மதிப்பும், எந்தக் கட்டத்தில் எந்தக் காய் நின்றால் எவ்வளவு என்ற அட்டவணையும் மட்டுமே வைத்துக்கொண்டு, அந்த எண்களைப் பல லட்சம் ஆட்ட நிலைகளைக் கொண்டு கணினியே சரிசெய்யும்படி விட்டாலே வியப்பூட்டும் பலம் கிடைக்கிறது. பீட்டர் ஆஸ்டர்லண்ட் தம் டெக்செல் என்ஜினுக்காக 2014-இல் விளக்கிய அந்த முறை உங்கள் லேப்டாப்பில் சில மணி நேரத்தில் முடியும்.

இணையவழிப் போட்டிக்குச் சேரும்போது கவனிக்க வேண்டியவை சில. என்ஜின் கடிகாரத்தை ஒவ்வொரு ஆழச் சுற்றின் முடிவிலும் மட்டும் பார்க்காமல், இரண்டாயிரம் நிலைக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும். இணைப்பின் தாமதத்துக்காக நகர்வுக்கு அரை வினாடியாவது ஒதுக்கிவையுங்கள். மோடத்துக்கும் சேர்த்து மின் மாற்று ஏற்பாடு இருக்கட்டும். லேப்டாப்பில் பேட்டரி இருந்தும் மோடம் அணைந்து தோற்ற ஆட்டங்களை நான் பார்த்திருக்கிறேன். 4 ஜிபி ரேமில் ஹாஷ் டேபிளுக்கு 512 எம்பி தாராளமாகக் கொடுக்கலாம். அதற்குமேல் போய் இயங்குதளம் வட்டில் எழுதத் தொடங்கிவிட்டால் எல்லாமே தவழும். சில காய்களே மிஞ்சிய நிலைகளின் முடிவை முன்கூட்டியே கணக்கிட்டு வைத்திருக்கும் இறுதியாட்ட அட்டவணைகளில், ஐந்து காய் வரையான சிசிஜி கோப்புகள் 1 ஜிபிக்குள் அடங்கும், அவை போதும். ஆறு காய் அட்டவணைக்கு ஏறத்தாழ 150 ஜிபி வேண்டும், அதற்காக வட்டு வாங்க வேண்டாம். பல கோர்களைப் பயன்படுத்தும் வசதியை இப்போது சேர்க்கலாமா என்பதில் என் கருத்து, சேர்க்க வேண்டாம் என்பது. சேர்த்தால் புள்ளி ஏறும் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரே நிலையை இரண்டு முறை ஆராய்ந்தால் இரண்டு விடை வரும் என்ற நிலை வந்தபின், பிழைகளைத் தேடுவது பல மடங்கு கடினமாகிவிடும். ஒரு கோரில் எல்லாம் சரியானபின் அதற்குப் போகலாம். இதில் வேறு கருத்துடைய அனுபவசாலிகளும் இருக்கிறார்கள்.

கடன் வேண்டாம். போட்டியில் இப்போதே சேருங்கள். ஒவ்வொரு ஆட்டத்துக்குப் பிறகும், என்ஜின் தன் நிலையை நல்லது என்று கருதியிருந்து திடீரென்று மதிப்பு சரிந்த இடத்தைக் கண்டுபிடித்து, அதே நிலையைக் கொடுத்து, போட்டியில் கிடைத்ததைப்போல் எட்டு மடங்கு நேரம் சிந்திக்க விடுங்கள். அப்போது சரியான நகர்வைக் கண்டுபிடித்தால் அந்தத் தோல்வி வேகத்தின் கணக்கில் சேரும். எட்டு மடங்கு நேரத்திலும் அதே தவறான நகர்வையே ஆடினால் அது நிரலின் கணக்கு. ஒரு போட்டியின் தோல்விகள் எல்லாவற்றையும் இப்படி இரு பத்தியாக எழுதிவைத்து, வேகத்தின் பத்தி நீளமாக இருந்தால் அப்போது இயந்திரத்தைப் பற்றி யோசிக்கலாம். அப்போதும் புது லேப்டாப் தேவையில்லை. அலுவலகங்கள் கழித்துப்போடும் நான்கு கோர் அல்லது ஆறு கோர் டெஸ்க்டாப்புகள் வண்ணார்பேட்டையிலும் ஜங்ஷனிலும் பழைய கணினி விற்கும் கடைகளில் அதைவிடப் பல மடங்கு குறைந்த விலைக்குக் கிடைக்கும். டெஸ்க்டாப் என்பதால் மின்விசிறியும் பெரிது, வெயிலிலும் வேகம் எளிதில் குறையாது. வாங்கும்போது கடையிலேயே உங்கள் என்ஜினை எல்லாக் கோர்களிலும் அரைமணி நேரம் ஓடவிட்டு, முதல் நிமிடத்து வேகமும் கடைசி நிமிடத்து வேகமும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.